கிணற்றுக்கு வந்த ஏழு பிட்டுகள்

சரவணம்பட்டி
9 ஏப்ரல் 2025

ஆரிஃப் அவர்களுக்கு,

உங்கள் எண்ணை எல்லா இடத்திலும் தடுத்து வைத்திருக்கிறேன். தபால்காரரைத் தடுக்கும் வசதி இன்னும் வரவில்லை என்பதால் இப்படி எழுதுகிறேன். இங்கிருந்து கோட்டைமேட்டுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். மூன்று நாளில் சேர்ந்துவிடும் என்றார்கள்.

உங்களுக்குத் தெரிந்ததைத்தான் எழுதப்போகிறேன். பின்னால் வேறு யாராவது இதைப் படிக்க நேரலாம்.

மார்ச் 29 காலை, அன்னூரில் எங்கள் தோட்டத்துக் கிணற்றுக்குள் மோட்டார் மெக்கானிக் சின்னான், மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். மோட்டார் தானாக ஓடியது. வலது கையில் இரண்டு விரல் போயிற்று. அந்த மோட்டாரை ஓட்டியது நீங்களும் நானும் சேர்ந்து செய்த ரேடியோப் பெட்டி. அதற்கு ஆணை அனுப்பும் ரிமோட் முக்கால் கிலோமீட்டர் தள்ளி, வீட்டு வாசலில், என் நைனா, அதாவது அப்பா, வெங்கடபதியின் கையில் இருந்தது. ரிமோட்டில் மூன்று பொத்தான்கள்: ஆன், ஆஃப், மோட்டார் ஓடுகிறதா என்று கேட்கும் ‘ஓடுதா?’.

நைனா முதலில் சொன்னது: "சின்னான் எறங்கறதுக்கு முன்னால ஒருக்கா கேட்டுக்கலாம்னு ‘ஓடுதா?’ அமுத்துனேன்." அரைமணி நேரம் கழித்து, கூட்டம் கூடியபின் சொன்னது: "நானேதாங்க தெரியாம ஆன் அமுத்திப்போட்டேன்." அன்றிலிருந்து இரண்டாவதையே சொல்கிறார்.

ஏப்ரல் 4ஆம் தேதி உங்கள் ஆள் வந்து ‘சர்வீஸுக்கு’ என்று பெட்டியைக் கழற்றிப் போயிருக்கிறார். கடைசியாக வந்த நூறு செய்திகள் அதில் பதிவாகியிருக்கும். அவற்றைப் படித்து எனக்கு அனுப்புங்கள். வேறு எதுவும் கேட்கவில்லை.

ஹாரிகா

கோட்டைமேடு
13 ஏப்ரல் 2025

ஹாரிகா,

நலம். நீ கேட்கவில்லை, நானே சொல்லிக்கொள்கிறேன்.

பதினோரு வருடத்தில் முதல்முறையாக என்னை ‘நீங்கள்’ என்று எழுதியிருக்கிறாய். கல்லூரியில் என் டிபன் பாக்ஸைத் திறந்து தின்ற ஆளிடமிருந்து இப்படி ஒரு மரியாதை வந்ததும் உறையைத் திருப்பி அனுப்புநர் பெயரைச் சரிபார்த்தேன்.

என் மச்சான் ஜாவித் வக்கீல் என்பது உனக்குத் தெரியும். "எதையும் எழுத்துல குடுத்துறாதீங்க" என்று சொல்லியிருக்கிறான். ஆகவே இந்தக் கடிதத்தில் ஒன்றுமில்லை. பெட்டி அலமாரியில் இருக்கிறது. கேபிளைச் செருகினால் நூறு செய்திகளையும் சொல்லிவிடும். அதனால்தான் செருகவில்லை.

ஒன்று யோசித்துப் பார். உன் நைனா தன் மேல் தப்பு என்று ஊரார் முன்னால் ஒப்புக்கொண்டுவிட்டார். ஊர் அதை மரியாதையாக ஏற்றுக்கொண்டது. நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு சின்னான், "பரவால்லீங்க, வயசானவரு, கை தடுமாறியிருக்கும்" என்றார். அவர் மனைவி மாசாணியம்மாள் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். நான் குடித்தேன். எல்லோரும் எல்லோரையும் மன்னித்து முடித்த இடத்தில் நீ போய் எதைத் தோண்டப் போகிறாய்?

நீ கம்பெனியை விட்டுப் போய் இரண்டு மாதம்தான் ஆகிறது. உன் நாற்காலியில் இப்போது ஒரு பிரிண்டர் இருக்கிறது. உன்னைவிட அதிகமாக மக்கர் செய்கிறது.

ஆரிஃப்

சரவணம்பட்டி
16 ஏப்ரல் 2025

ஆரிஃப் அவர்களுக்கு,

மன்னித்து முடித்த இடத்தில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். நைனா எந்த ஸ்விட்சையும் தொடுவதில்லை. மின்விசிறி வேண்டுமென்றால் அம்மாவைக் கூப்பிடுகிறார். "ராமாமணி, நீயே போடு. என் விரல் சொன்ன பேச்சுக் கேக்காது." இரண்டு ஏக்கர் வாழை காய்கிறது. பக்கத்துத் தோட்டத்தார் தண்ணீர் விட முன்வந்ததற்கு, வேண்டாம், எனக்கு இது வேண்டியதுதான் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். இதற்குப் பெயர் மன்னிப்பு.

இன்னொன்று. அம்மாவிடம் பேசும்போது தற்செயலாகச் சொன்னார்கள்: "மாசியில இருந்து ரிமோட்டு ரொம்ப நல்லாயிருச்சு. ‘மறுபடி அமுத்தவும்’னு கேக்கறதே இல்ல." 

தோட்டத்தை ஒட்டி உயர் அழுத்த மின்கோபுரம் வந்த பிறகு ரேடியோவில் போகும் 0, 1 என்ற பிட்டுகளில் பத்தில் ஒன்று கெடுகிறது என்று தை மாதம் நான்தான் அளந்தேன். நான்கு பிட் ஆணை, மூன்று பிட் காவல், மொத்தம் ஏழு. இந்த மூன்று காவல்காரர்களுக்கு ஏதாவது ஒரு வேலைதான் கொடுக்க முடியும். கெட்ட பிட்டைத் திருத்தச் சொன்னால் ஒரு பிழையைச் சரியாகத் திருத்துவார்கள். இரண்டு பிழை வந்தால் அதையும் ஒன்று என்று நினைத்து, முழு நம்பிக்கையோடு வேறொரு ஆணையாகத் திருத்திவிடுவார்கள். திருத்தாதே, சந்தேகம் வந்தால் நிறுத்து என்று சொன்னால் இரண்டு பிழை வரை தவறாமல் பிடித்துவிடுவார்கள். நான் கொடுத்தது இரண்டாவது வேலை. அதனால்தான் பெட்டி அடிக்கடி ‘மறுபடி அமுத்தவும்’ என்றது. அந்த இரைச்சலில் சராசரியாக இரண்டு தடவை அமுக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் போன பிறகு நீ அதைத் திருத்தும் வேலைக்கு மாற்றியிருக்கிறாய். ஆமாவா இல்லையா? மழுப்பாதே, ஆரிஃப். இன்னும் இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள் கிணறுகளில் இருக்கின்றன. இது சித்திரை. தண்ணீர் இறங்க இறங்க மோட்டாரை இறக்கிவைக்க ஆட்கள் தினமும் கிணற்றுக்குள் போகிறார்கள். முன்பெல்லாம் இறங்குமுன் கரண்டை நிறுத்த பியூஸ் கட்டையைப் பிடுங்கிவிடுவார்கள். நம் விளம்பரத் தாளில் ‘இனி பியூஸ் கட்டையைப் பிடுங்க வேண்டாம்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தாய். நானும் பிழை திருத்திக் கொடுத்தேன். எழுத்துப் பிழையை.

கேபிளைச் செருகு.

ஹாரிகா

கோட்டைமேடு
20 ஏப்ரல் 2025

ஹாரிகா,

ஆமாம்.

மாற்றினேன். நிரலில் ஒரே வரி. மாசி முதல் வாரத்தில் தினமும் இருபது போன் வரும். "ஏனுங்க, மோட்டாருகிட்ட ரெண்டு தடவ கெஞ்சோணுமா?" "ஏனுங்க, எம் பொண்டாட்டி கூட ஒரு தடவ சொன்னா கேக்கறாளுங்க." பணத்தைத் திருப்பிக் கொடு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மரியாதையாகச் சிரித்துவிட்டுப் பக்கத்து ஊரில் யாருக்கும் சிபாரிசு செய்யாமல் இருந்தார்கள். நம் ஊரில் ஒரு கம்பெனி இப்படித்தான் சாகும். வரியை மாற்றியதும் போன் நின்றது. பிழைகள் தீர்ந்துவிட்டன என்று நினைத்துக்கொண்டேன். ‘புரியவில்லை’ என்று சொல்வதை நிறுத்தியவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று நானே நம்பிவிட்டேன். நீ இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டாய். நீ இல்லாதபோது மாற்றியதற்கு அதுதான் காரணம்.

உன் பங்கையும் சொல்லிவிடுகிறேன். ரேடியோ எட்டு எட்டு பிட்டாகத்தான் அனுப்பும். ஏழு போக ஒன்று காலியாக இருந்தது. அதையும் காவலுக்கு வைத்துவிடலாமா என்று ஆரம்பத்திலேயே கேட்டேன். வைத்திருந்தால் ஒரு பிழையைத் திருத்தவும் முடியும், இரண்டு பிழை வந்தால் நிறுத்தவும் முடியும். நோட்டில் உன் கையெழுத்து இருக்கிறது: ‘வேண்டாம். ஏழே முழுமை. எட்டு அசிங்கம்.’ கணிதத்தில் இதன் பெயரே முழுமைக் குறியீடு என்று பத்து நிமிடம் பாடம் எடுத்தாய். எந்த ஏழு பிட்டைக் கொடுத்தாலும் அது ஏதோ ஓர் ஆணைக்குப் பக்கத்தில்தான் இருக்கும், விடை இல்லாத இடமே கிடையாது என்றாய். உன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நான் விட்டுக்கொடுத்தேன்.

காலி பிட்டை என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியாது. பெட்டி ‘நன்றிங்க’ என்று சொல்கிறதே, அதற்கு ஒதுக்கினேன். அதன் மதிப்பு எப்போதும் ஒன்று. உன் நைனாவை அது காப்பாற்றியிருக்கும். நன்றி சொல்லிக்கொண்டிருந்தது.

கேபிளைச் செருகிவிட்டேன். மார்ச் 29, காலை 10:12க்குக் கிணற்றுக்கு வந்தது 1111100. ஆன் என்றால் 0111100. ‘ஓடுதா?’ என்றால் 1001100. வந்தது இரண்டும் இல்லை. முழுப் பதிவும் இத்துடன் இருக்கிறது. எனக்குக் கணக்குப் போடப் பயமாக இருக்கிறது. நீ போடு.

ஜாவித்திடம் சொல்லிவிட்டேன். என்னோடு பேசுவதில்லை.

ஆரிஃப்

சரவணம்பட்டி
23 ஏப்ரல் 2025

ஆரிஃப்,

‘எட்டு அசிங்கம்’ என்று எழுதியது நான்தான். அதைப் படித்துவிட்டு, புதிதாகச் சேர்ந்த கல்லூரியில் இரண்டு வகுப்பு எடுக்கப் போகவில்லை. மாணவர்கள் மகிழ்ச்சியாக இருந்திருப்பார்கள்.

கணக்குப் போட்டேன். நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் பேனாவை மாற்றிப் பார்த்தேன்.

வந்த சொல் ஆனிலிருந்து ஒரு பிட் தள்ளி இருக்கிறது, ‘ஓடுதா?’விலிருந்து இரண்டு பிட். அந்த இரைச்சலில், ஒன்று கெடுவதைப்போல இரண்டு கெடுவது ஒன்பதில் ஒரு பங்குதான் நடக்கும். அப்படிப் பார்த்தால் நைனா ஆன் அமுக்கினார் என்பதற்கு ஒன்பது, இல்லை என்பதற்கு ஒன்று. பெட்டியும் அதைத்தான் நினைத்தது.

பெட்டிக்கு நைனாவைத் தெரியாது. எல்லாப் பொத்தானையும் எல்லோரும் ஒரே அளவு அமுக்குவார்கள் என்பது அதன் எண்ணம். நீ அனுப்பிய நூறில் ‘ஓடுதா?’ அறுபத்தொரு தடவை. ஆன் வெறும் ஒன்பது. காலையில் எழுந்ததும் கேட்டிருக்கிறார், சாப்பிடும் முன் கேட்டிருக்கிறார், யாராவது தோட்டத்துப் பக்கம் நடந்தாலே கேட்டிருக்கிறார். இந்தப் பயந்த மனிதரைக் கணக்கில் சேர்த்தால் ஒன்பதுக்கு ஒன்று நிறைய இறங்கி வருகிறது. நாலுக்கு மூன்றில் நிற்கிறது.

அவருக்கு எதிராகத்தான் நிற்கிறது, ஆரிஃப். நாலு பங்கு ஆன், மூன்று பங்கு ‘ஓடுதா?’. அதற்குக் கீழே இறங்க மறுக்கிறது. இரைச்சல் அளவைக் கொஞ்சம் கூட்டிப் போட்டால் இறங்கும். அந்த அளவை எடுத்தது நானே. மகளாக இருந்து அதை மாற்றலாமா என்று ஒரு மாலை முழுக்க யோசித்தேன்.

ஆனால் ஒன்று நிச்சயம். எந்தப் பொத்தானை அமுக்கியிருந்தாலும், கிணற்றுக்கு வந்து சேர்ந்தது கெட்டுப்போன சொல். பழைய வரி இருந்திருந்தால், ஆன் என்றே அமுக்கியிருந்தாலும் பெட்டி நின்றிருக்கும். ‘மறுபடி அமுத்தவும்’ என்றிருக்கும். நைனா ரிமோட்டில் சிவப்பு விளக்கைப் பார்த்திருப்பார். சின்னானுக்குப் பத்து விரலும் இருந்திருக்கும்.

இதை நைனாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை போகிறேன். அதுவரை நீ அவரிடம் ஒன்றும் சொல்லாதே. கிணற்றுக்காரர்கள் பட்டியலை மட்டும் எடுத்து வை.

ஹாரிகா

கோட்டைமேடு
25 ஏப்ரல் 2025

ஹாரிகா,

உன் கடிதம் இன்று மதியம் வந்தது. நேற்றே வந்திருக்கக் கூடாதா?

நேற்று நான் அன்னூர் போய்விட்டேன். காலையில் பெட்டியை முன்னால் வைத்து உட்கார்ந்தேன், உட்கார முடியவில்லை. காந்திபுரத்தில் பஸ் ஏறி, கணேசபுரம் வரும்வரை ஒத்திகை பார்த்தேன். உன் நைனா வாசலில் உட்கார்ந்திருந்தார். "வாங்க தம்பி" என்று எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்றதில் நான் ஒத்திகை பார்த்ததெல்லாம் போய்விட்டது.

"பதிவைப் பாத்துட்டேனுங்க. நீங்க அமுத்துனது ‘ஓடுதா?’தானுங்க. நூத்துக்கு நூறு. தப்பெல்லாம் பொட்டி மேலதான்" என்று சொல்லிவிட்டேன்.

"அப்படீங்களா" என்றார். உன் அம்மா அழுதுவிட்டு, தட்டில் முறுக்கு கொண்டுவந்தார். உன் நைனா பஸ் ஸ்டாப் வரை கூட நடந்து வந்தார்.

இப்போது உன் கணக்கைப் பார்க்கிறேன். நான் என்ன செய்திருக்கிறேன் என்று தெரிகிறது. வந்தது இரண்டும் இல்லாத ஒன்று. அதை எடுத்து, பக்கத்தில் இருந்ததில் எனக்குப் பிடித்த ஒன்றாகத் திருத்தி, சந்தேகமே இல்லாமல் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். பெட்டிக்காவது கணக்கு இருந்தது.

நீ போய் அதை உடைக்காதே என்று கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்கவில்லை. நீயே முடிவு செய்.

ஆரிஃப்

அன்னூர்
28 ஏப்ரல் 2025

ஆரிஃப்,

ஞாயிறு காலை வந்தேன். நைனா என்னைத் தோட்டத்துப் பக்கம் தனியாகக் கூட்டிப்போனார். தெலுங்கில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"அம்மணி, அந்தத் தம்பி வந்து ரொம்ப உறுதியா சொல்லிட்டுப் போறாரு. அதான் சந்தேகமா இருக்குது. நெசமா என்னன்னு தெரிஞ்சா ஆளு இவ்வளவு உறுதியா சொல்லுவானா?"

ஆக, உன் பொய் மூன்று நாள் கூடத் தாங்கவில்லை. வருத்தப்படாதே.

வரப்பில் குச்சியால் கோடு போட்டு எல்லாம் சொன்னேன். ஏழு பிட், காவல், நான் எழுதிய ‘அசிங்கம்’, நீ மாற்றிய வரி. கடைசியில் நாலுக்கு மூன்று.  அவர் குச்சியை வாங்கி ஒவ்வொரு கோடாகத் தொட்டு எண்ணினார்.

"அப்போ, மூணு பங்கு நான் அமுத்தல."

"ஆமா, நைனா."

"நாலு பங்கு அமுத்திப்போட்டேன்."

"ஆமா."

"எதை அமுத்தியிருந்தாலும், அது அங்க போய்ச் சேரல."

"சேரல."

"சேராததை வச்சுத்தான் அது மோட்டாரை ஓட்டுச்சு." பிறகு, "இதைச் சின்னாங்கிட்ட சொல்லோணும். நான் அவங்கிட்டத் தப்பாச் சொல்லிப்போட்டேன்" என்றார்.

போனோம். சின்னான் கட்டிலில் இருந்தார். நைனா நின்றுகொண்டே, "சின்னா, நாந்தான் ஆன் அமுத்துனேன்னு சொன்னேனே, அது எனக்குத் தெரிஞ்சு சொன்னதில்லப்பா. எல்லாரும் பாத்துட்டு நின்னாங்க, ஏதோ ஒண்ணு சொல்லோணும்னு சொன்னேன். எதை அமுத்துனேன்னு எனக்குத் தெரியாது" என்றார். நான் மீதியைச் சொன்னேன். ஒரு மாதமாகப் ‘பரவால்லீங்க’ என்று சொல்லிக்கொண்டிருந்த சின்னான், அதைச் சொல்லவில்லை. முகம் கறுத்துவிட்டது. மாசாணியம்மாள் அவர் தோளைப் பிடித்தார். தட்டிவிட்டார்.

"அப்போ இத்தன நாளு நான் யாரை மன்னிச்சுட்டுக் கெடந்தேன்? அந்த வரிய மாத்துன ஆளு எங்க இருக்கறாரு?"

உன் முகவரியைக் கொடுத்துவிட்டேன். கதவைத் திறந்து வை.

நைனா இன்று காலை பக்கத்துத் தோட்டத்தாரிடம் தண்ணீர் கேட்டு ஆள் அனுப்பினார். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்றார் அம்மா. நாலு, மூன்று என்று விரல் விட்டுக்கொண்டிருந்தாராம்.

நான் இங்கேயே இருக்கிறேன். பழைய வரியை, எட்டாவது பிட்டோடு, திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஹாரிகா

அவிநாசி
3 மே 2025

ஹாரிகா,

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருக்கும்.

சின்னான் புதன்கிழமை வந்தார். கடைக்குள் வந்து நாற்காலியைப் பார்த்தார், பிரிண்டர் இருந்தது, நின்றுகொண்டே திட்டினார். "உன்னையெல்லாம் எவன் படிக்க வெச்சான்? புரியலேன்னா புரியலேன்னு சொல்றதுக்கு வாய் வலிக்குமா உம் பொட்டிக்கு?" ஒரு மணி நேரம். வாசலில் ஆட்கள் கூடினார்கள்.  இடையில் தண்ணீர் கொடுத்தேன், குடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார்.

முடித்துவிட்டுப் பட்டியலைக் கேட்டார். ஒவ்வொரு கிணற்றுக்காரருக்கும் போன் போட்டுக் கழற்றச் சொல்லியிருக்கிறேன் என்றேன். "போன்ல சொன்னா எவனும் கழட்ட மாட்டான். உன்னய நம்பியும் கழட்ட மாட்டான். வண்டிய எடு" என்றார். நான் வண்டி ஓட்ட, அவர் பின்னால், மடியில் ஸ்பானர் பை. இடது கையில் கழற்றப் பழகுகிறார்.

நேற்றும் இன்றுமாகப் பதினேழு. பதினெட்டாவது, அவிநாசிக்கு வடக்கே ஒரு தோட்டம். தோட்டக்காரர் பெட்டியைக் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். "எங்க பொட்டி நல்லாத்தானுங்க ஓடுது. அன்னூருல நடந்ததைக் கேள்விப்பட்டேனுங்க. வெங்கடபதி கை தவறி அமுத்திப்போட்டாருன்னு அவரே சொன்னாருங்களாமே. அதுக்குப் பொட்டி என்னங்க பண்ணும்?" கிணற்றுக்குள் ஆட்கள் பேசும் சத்தம் கேட்டது. மூன்று பேர் உள்ளே இருந்தார்கள்.

நான் ஏழு பிட்டில் ஆரம்பித்தேன். சின்னான் என்னைத் தள்ளி நிறுத்தினார்.

"அவரு எதை அமுத்துனாருன்னு அவருக்கே தெரியாதுங்க. இதோ நிக்கறானே, செஞ்சவன், இவனுக்கும் தெரியாது. இவங்கூடப் படிச்ச அம்மணி நாலு தடவ கணக்குப் போட்டுது, அதுக்கும் தெரியாது. தெரியும்னு சொன்னது இந்தப் பொட்டி ஒண்ணுதானுங்க. மொதல்ல ஆளுங்களை மேல வரச் சொல்லுங்க."

தோட்டக்காரர் சின்னானின் கையைப் பார்த்தார். பிறகு கிணற்று மேட்டுக்குப் போய் உள்ளே குனிந்து கூப்பிட்டார். மூன்று பேரும் ஏறி வந்தபின் சின்னான் இடது கையால் பெட்டியைக் கழற்றினார்.

இன்னும் நூற்றுத் தொண்ணூற்று நான்கு இருக்கிறது. பஸ் வரவில்லை, வண்டி பஞ்சர், சின்னான் அவசரப்படுகிறார்.

ஆரிஃப்